ஈரானின் முற்றத்து வீடும் இன்றைய கட்டடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யஸ்த், காஷான் நகரங்களின் பழைய வீடுகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு வளைவுகளும் வண்ணக் கண்ணாடியும் மனதில் ஒட்டிக்கொள்கின்றன. இதையெல்லாம் இன்றைய வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா என்று அடுத்த நொடியே கேட்கிறார்கள். ஈரானியக் கட்டடக் கலைஞர்களும் ஐம்பது ஆண்டுகளாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டி வருகிறார்கள். அவர்கள் கட்டிப் பார்த்ததை வைத்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஈரானிய மரபு வீடு என்று எதைச் சொல்கிறோம்?

ஈரான் பெரிய நாடு. காஸ்பியன் கடலோரக் கீலானில் மழை கொட்டும். அங்கே வீடு சரிந்த கூரையோடும் சுற்றுத் தாழ்வாரத்தோடும் வெளியே பார்த்து நிற்கும். நாம் பேசப்போவது அந்த வீட்டைப் பற்றியல்ல. நடு ஈரானில், பாலைவன ஓரத்தில் இருக்கும் காஷான், யஸ்த், நாயின் போன்ற ஊர்களின் முற்றத்து வீட்டைப் பற்றி.

காஷானில் 19ஆம் நூற்றாண்டு வணிகர் வீடு ஒன்றுக்குள் போவதாக வைத்துக்கொள்வோம். தெருவில் நின்றால் வைக்கோல் கலந்த மண் பூசிய உயரமான சுவர்தான் தெரியும். ஜன்னல் எதுவும் இருக்காது. மரக்கதவின் இரண்டு பலகைகளிலும் இரண்டு விதமாகத் தட்டும் இரும்புகள். ஒன்று கனத்த தண்டு, இன்னொன்று மெல்லிய வளையம். வந்தவர் ஆண் என்றால் தண்டைத் தட்டுவார், பெண் என்றால் வளையத்தை. சத்தத்தை வைத்தே யார் போய்க் கதவைத் திறப்பது என்று உள்ளே முடிவாகிவிடும்.

கதவைத் தாண்டினால் எட்டு மூலைகள் கொண்ட ஒரு சிறு கூடம். பாரசீகத்தில் ஹஷ்த் என்றால் எட்டு, அதனால் இதன் பெயர் ஹஷ்தி. கூரைத் துளை வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விழும். தெருவின் வெயிலில் கூசிய கண் இங்கே ஒரு நிமிடம் ஆறும். சுவரோரம் உட்கார மேடை இருக்கும். உள்ளே வரத் தேவையில்லாதவரோடு பேச்சு இங்கேயே முடிந்துவிடும். இங்கிருந்து தாலான் என்ற இடைகழி தொடங்கும். நம் ஊர் ரேழி போல நேராகப் போகாமல் இது ஓரிடத்திலாவது திரும்பும். கதவு திறந்தே கிடந்தாலும் தெருவிலிருப்பவர் பார்வை வீட்டுக்குள் எட்டாது. அந்தத் திருப்பத்தைக் கடந்ததும் வானம் திறக்கிறது. ஹயாத் என்ற முற்றம், நடுவில் ஹவ்ஸ் என்ற தண்ணீர்த் தொட்டி, ஓரங்களில் மாதுளையும் அத்தியும். (தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டியை ஹவுள் என்கிறோமே, அதுவும் இந்த ஹவ்ஸும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவைதான்.)

முற்றத்தைச் சுற்றித்தான் அறைகள். அறைக்குப் பெயரே அது முற்றத்தைப் பார்த்துத் திறக்கும் கதவுகளின் எண்ணிக்கையை வைத்துத்தான்: மூன்று கதவென்றால் சேதரி, ஐந்தென்றால் பஞ்ச்தரி. படுக்கையறை, சாப்பாட்டறை என்று வேலையை வைத்து யாரும் பிரிக்கவில்லை. ஓர் அறையில் விரிப்பைப் போட்டால் சாப்பாட்டிடம், மெத்தையைப் போட்டால் தூங்குமிடம்.

பிறகு வரும் எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படையான விஷயம் ஒன்று உண்டு. இந்த வீட்டில் முதலில் முடிவானது நடுவில் விடும் காலியிடம். அறைகள் அதற்கேற்ப வந்து சேர்ந்தன. காற்று, வெளிச்சம், மறைவு, குளிர்ச்சி எல்லாம் அந்தக் காலியிடத்தைப் பொறுத்தே அமைந்தன. இன்று கலப்பு வடிவமைப்பு என்று செய்வதில் பெரும்பகுதி இதை விட்டுவிட்டு அறைகளின் அலங்காரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அது ஒட்டாமல் நிற்கிறது என்பது என் எண்ணம்.

கோடைப்பக்கம், குளிர்ப்பக்கம் என்கிறார்களே, ஒரே வீட்டுக்குள் குடிபெயர்வார்களா?

ஆமாம், உண்மையிலேயே குடிபெயர்ந்தார்கள். முற்றத்தின் வடபக்க அறைகள் தெற்கு பார்த்தவை. குளிர்காலச் சூரியன் தாழ்ந்து வரும்போது வெயில் அறைக்குள் நன்றாக இறங்கும். இதற்கு ஜமிஸ்தான் நிஷீன் என்று பெயர், குளிர்காலத்தில் இருக்குமிடம். எதிரே, தென்பக்க அறைகள் வடக்கு பார்த்து எப்போதும் நிழலில் இருக்கும். அது தபிஸ்தான் நிஷீன், கோடையில் இருக்குமிடம். பருவம் மாறும்போது விரிப்பும் மெத்தையும் பாத்திரமும் முற்றத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும்.

இதோடு நாள்பொழுதின் நகர்வும் உண்டு. கோடை மதியத்தில் சர்தாப் என்ற நிலவறைக்கு இறங்குவார்கள். மாலையில் முற்றத்தில் தண்ணீர் தெளித்து, தொட்டியோரம் மரக்கட்டில் போட்டு உட்காருவார்கள். இரவில் மொட்டைமாடியில் படுப்பார்கள். மாடியின் கைப்பிடிச் சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியிருப்பார்கள். காற்று வரும், பக்கத்து வீட்டிலிருந்து பார்வை வராது. தென்மேற்கு ஈரானின் சுஷ்தர், தெஸ்ஃபூல் பக்கம் வெயில் இன்னும் கொடுமை. அங்கே பாறையைக் குடைந்து ஷவாதூன் என்ற ஆழமான நிலவறைகளை அமைத்தார்கள்.

பழைய வீட்டிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வீடு முழுவதையும் ஒரே வெப்பநிலையில் வைக்க மின்சாரம் செலவழிக்கிறோம். அவர்கள் குளிர்ச்சி இருக்குமிடத்துக்கு ஆட்களை நகர்த்தினார்கள். பெரிய கூடம் ஒன்றைக் கட்டுவதை விட, வடக்கு பார்த்த சிறு கூடம் ஒன்றும் தெற்கு பார்த்த சிறு கூடம் ஒன்றும் கட்டினால் இது இன்றும் நடக்கும்.

இதை இன்றைய வீட்டில் யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா?

தெஹ்ரானில் 2013-இல் முடிந்த ஷரீஃபிஹா வீட்டைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் அலிரெஸா தகாபோனி, அவருடைய அலுவலகத்தின் பெயர் நெக்ஸ்ட்ஆஃபீஸ். மனைக்குத் தெருவோர அகலம் குறைவு, உள்நீளம் அதிகம். முன்பக்கத்தில் மூன்று மாடிகளில் மூன்று அறைகள் பெட்டிகள் போல இருக்கின்றன. காலை உணவுக்கு ஒன்று, வேலை செய்ய ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. பொத்தானை அழுத்தினால் அறை அப்படியே 90 பாகை திரும்புகிறது. நாடக மேடைகளையும் கார் கண்காட்சித் தட்டுகளையும் சுழற்றும் இயந்திர அமைப்புதான் அடியில் இருக்கிறது.

கோடையில் பெட்டிகள் வெளியே திரும்பி, வீட்டுக்குப் பெரிய மொட்டைத் திண்ணைகள் கிடைக்கின்றன. தெஹ்ரானில் பனி விழும் மாதங்களில் பெட்டிகள் உள்ளே மூடிக்கொள்கின்றன, வீடு முகத்தைப் பொத்திக்கொண்டது போல. அதன் வடிவமைப்பாளர்களே கோடைப்பக்கம், குளிர்ப்பக்கம் மரபைத்தான் இதற்கு மூலமாகச் சொல்கிறார்கள். கட்டடத்தில் ஒரு வளைவு கிடையாது, ஒரு நீல ஓடு கிடையாது. ஆனாலும் பருவத்துக்கேற்ப வீட்டின் முகம் மாறுகிறது. மரபைப் புரிந்துகொண்டதற்கு இதை விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. எல்லோராலும் அறையைச் சுழற்ற முடியாது, அது வேறு விஷயம். மடக்கும் மரப்பலகை, ஏறியிறங்கும் திரை, மூடித்திறக்கும் பால்கனி ஆகியவற்றை வைத்து இதில் பாதியைச் சாதிக்கலாம்.

பாத்கீர் என்ற காற்றுக் கோபுரம் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

செய்கிறது, ஆனால் தனியாக அல்ல. யஸ்தின் தவ்லதாபாத் தோட்டத்தில் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எட்டுப்பக்கக் கோபுரம் ஒன்று சுமார் 33 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அதன் நேர் கீழே போய் நின்றுகொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே மெல்லிய தடுப்புச் சுவர்கள் கோபுரத்தைக் குறுகிய குழாய்களாகப் பிரித்திருப்பது தெரியும். காற்று அடிக்கும் பக்கத்துக் குழாய்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. எதிர்ப்பக்கக் குழாய்கள் உள்ளேயிருக்கும் சூடான காற்றை உறிஞ்சி வெளியேற்றுகின்றன. இறங்கும் காற்று கீழே உள்ள தொட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு அறைகளுக்குப் போகிறது. பாலைவனக் காற்று வறண்டது என்பதால் தண்ணீர் சட்டென ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். வெளியே காற்றே இல்லாத நாளில் கோபுரம் புகைபோக்கி போலச் சூட்டை மேலே தள்ளும்.

இதற்குத் துணையாகத் தடித்த மண்சுவர், நிழல் விழும் முற்றம், இரவில் குளிரும் மண் எல்லாம் வேண்டும். கோபுரத்தை மட்டும் எடுத்து ஒரு கான்கிரீட் வீட்டின் தலையில் வைத்தால் வெயிலில் சுட்ட காற்றும் தூசியும் உள்ளே வரும், அவ்வளவுதான்.

ஊருக்கு ஊர் பாத்கீர் மாறுவதையும் கவனிக்க வேண்டும். யஸ்தில் பல பக்கம் திறந்தவை அதிகம். அதிக தூரமில்லாத அர்தகானில் ஒரே பக்கம் திறந்தவை, மற்ற பக்கங்களிலிருந்து மணல் வரும் என்பதால். எந்தத் திசைக் காற்று வரவேற்கத்தக்கது என்பது அந்தந்த ஊர்க்காரருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் புது வீட்டில் பாத்கீர் வைப்பது வீணா?

வடிவத்தை விட்டுவிட்டு வேலையை எடுத்துக்கொண்டால் வீணில்லை. இரண்டு மூன்று மாடி வீட்டில் ஏற்கெனவே ஒரு கோபுரம் இருக்கிறது: மாடிப்படிக் கூண்டு. அதன் உச்சியில் கூரையை உயர்த்தி, காற்று அடிக்கும் பக்கத்துக்கு நேரெதிரான பக்கத்தில் ஜன்னல் வைத்தால் சூடான காற்று வெளியேறும். கீழே நிழலான பக்கத்தில் ஒரு திறப்பு வைத்தால் குளிர்ந்த காற்று நுழையும். இரவில் திறந்து பகலில் மூடுகிற பழக்கம் வீட்டிலிருப்பவர்களுக்கு வர வேண்டும். குளிர்காலத்தில் இறுக்கமாக மூட வழி வேண்டும். பழைய வீடுகளிலும் பாத்கீரின் அடியில் இதற்கென்றே கதவு வைத்தார்கள். அடுக்குமாடியில் எல்லா வீடுகளையும் இணைத்துக் காற்றுக்குழாய் விடக் கூடாது. தீப்பிடித்தால் புகை அதே வழியில் எல்லா மாடிக்கும் ஏறும்.

ஈரானில் இன்று வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் தகரப் பெட்டி போல ஒன்று உட்கார்ந்திருக்கும். கூலெர்-எ ஆபி என்பார்கள், தண்ணீரில் நனையும் திண்டுகள் வழியாகக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் கருவி. பாத்கீரும் அதன் கீழே இருந்த தொட்டியும் சேர்ந்து செய்த வேலையைத்தான் அது விசிறியின் உதவியோடு செய்கிறது.

பாத்கீரின் வடிவத்தையே வைத்து அழகாகச் செய்த கட்டடமும் இல்லாமலில்லை. 1977-இல் திறந்த தெஹ்ரான் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் கட்டடக் கலைஞர் கம்ரான் தீபா பாத்கீர் வடிவக் கூண்டுகளைக் கூரையில் நிறுத்தினார். அவை காற்றுக்குப் பதிலாக வெளிச்சத்தைப் பிடித்து உள்ளே அனுப்புகின்றன.

கடலோர ஈரப்பதத்தில் இதெல்லாம் எடுபடுமா?

தண்ணீரால் குளிர்விக்கும் பகுதி எடுபடாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. பாரசீக வளைகுடாக் கரையில் பந்தர் லெங்கே, கோங் ஊர்களிலும் பாத்கீர்கள் உண்டு. அவை குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். உடம்பில் காற்று படுவதற்காகத்தான் அவை, கீழே தொட்டி இருக்காது.

முற்றம் ஏன் மறைந்துபோனது? யாருக்கும் பிடிக்கவில்லையா?

பிடிக்காமல் போகவில்லை. முதல் அடி 1930களில் விழுந்தது. ரெஸா ஷா ஆட்சியில் பழைய நகரங்களுக்குள் நேர்கோட்டில் அகலத் தெருக்களை வெட்டினார்கள். தெருவுக்கு முதுகு காட்டிய வீடுகள் இருந்த இடத்தில் தெருவைப் பார்த்த முகப்புகள் வந்தன. பிறகு கார் வந்தது, நிலத்தின் விலை ஏறியது, வாங்கி இடித்து அடுக்குமாடி கட்டி விற்பது ஒரு தொழிலானது.

இவற்றை விடப் பெரிய காரணம் ஒரு விதி. தெஹ்ரானிலும் ஈரானின் பெரும்பாலான நகரங்களிலும் வழக்கமான குடியிருப்பு மனையில் வடபக்கமாக 60 சதவீதத்தில் கட்டலாம், தென்பக்கம் 40 சதவீதம் திறந்த வெளியாக விட வேண்டும். வெயில் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் கட்டடம் எங்கே நிற்க வேண்டும் என்பதை விதியே சொல்லிவிட்டதால் முற்றத்தை நடுவில் வைக்க வழியில்லை. காலியிடம் வீட்டின் நடுவிலிருந்து வீட்டுக்கு வெளியே போய்விட்டது. இன்றும் அதை ஹயாத் என்றுதான் அழைக்கிறார்கள், பல வீடுகளில் அங்கே கார் நிற்கிறது. மேலே பத்து ஜன்னல்கள் அதைப் பார்க்கின்றன. யாரும் அங்கே கட்டில் போட்டு உட்காருவதில்லை. எத்தனை திறமையான கட்டடக் கலைஞராக இருந்தாலும் இந்த விதியோடு பேரம் பேசித்தான் தொடங்க வேண்டும். மரபு வீடு ஏன் இல்லை என்று ரசனையைக் குறை சொல்பவர்கள் இந்த 60 சதவீதத்தையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் முற்றத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

மனையின் நடுவில் முடியாவிட்டால் மேலும் கீழும் தேடலாம். கீழே தேடியவர்கள் பழைய ஆட்களே. கோதால் பாக்சே என்று முற்றத்தை ஒரு மாடி ஆழத்துக்குத் தோண்டித் தோட்டமாக்குவார்கள். தோண்டிய மண்ணிலேயே செங்கல் அறுத்தார்கள். நிலத்தடிக் கால்வாயான கனாத்தின் தண்ணீர் எட்டும் ஆழம் கிடைத்தது. நிலவறைக்கும் வெளிச்சம் வந்தது. காஷானின் ஆகா பொசோர்க் பள்ளிவாசலில் இப்படித் தாழ்ந்த முற்றத்தை இன்றும் பார்க்கலாம். இன்றைய கட்டடத்தில் அடித்தளம் எப்படியும் தோண்டுகிறோம். அதில் ஒரு மூலையை வானம் பார்க்க விட்டு, ஒரு மரமும் சிறு தொட்டியும் வைத்தால் நிலவறை வசிக்கும் இடமாகிவிடும்.

மேலே தேடுவதென்றால், ஒவ்வொரு மாடி வீட்டுக்கும் மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்பும் உள்ள ஆழமான திண்ணை. அதுதான் பழைய ஐவான். ஒரு மீட்டர் அகலத்தில் தெருமேல் தொங்கும் பால்கனியில் துணிதான் காயும். மூன்று மீட்டர் ஆழமுள்ள ஐவானில் குடும்பமே சாப்பிட உட்காரலாம்.

ஒரு முழுக் குடியிருப்பையே இப்படித் திட்டமிட்டது சுஷ்தர் புதுநகரம். கூஸெஸ்தான் மாகாணத்தில் கரும்புத் தொழிலாளர்களுக்காக 1970களில் கம்ரான் தீபா வடிவமைத்தது. செங்கல் சுவர்கள், குறுகலான நடைத்தெருக்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் முற்றம், படுத்துறங்க மொட்டைமாடி. இன்னது படுக்கையறை என்று முத்திரை குத்தாமல் பெரிய அறைகளாகவே விட்டார்கள், குடும்பம் தன் விருப்பப்படி பயன்படுத்தட்டும் என்று. 1979 புரட்சிக்குப் பிறகு திட்டம் முழுமையாகவில்லை. ஆனாலும் 1986-இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருதுக் குழு அதைச் சிறப்பாகக் குறிப்பிட்டது. குறைந்த வருமானக்காரர் வீட்டுக்கு முற்றம் கட்டுப்படியாகாது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான்.

வண்ணக் கண்ணாடி, வளைவு, நீல ஓடு இவற்றைச் சேர்த்தால் ஈரானியச் சாயல் வந்துவிடாதா?

சாயல் வரும். கல்யாண மண்டப அலங்காரத்துக்கும் அதே சாயல் வருகிறது.

ஓரூசியை எடுத்துக்கொள்வோம். மரச்சட்டத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சைக் கண்ணாடித் துண்டுகள் வடிவக்கணித முறையில் கோத்த ஜன்னல் அது. பக்கவாட்டில் திறக்காமல் மேலே ஏறிச் சுவருக்குள் மறையும். முழுவதும் தூக்கினால் அறையும் முற்றமும் ஒன்றாகிவிடும். மூடினால் பாலைவன வெயிலின் கூச்சம் குறையும், உள்ளிருப்பவரை வெளியிலிருந்து பார்க்க முடியாது. காலை ஒன்பது மணிக்குத் தரைவிரிப்பில் விழும் சிவப்புக் கட்டம் மாலைக்குள் அறையைக் கடந்து சுவரேறிவிடும். இத்தனையும் ஒரே ஜன்னல் செய்கிறது. திறக்க முடியாத அலுமினியச் சட்டத்தில் வண்ணப் படலம் ஒட்டினால் நிறம் மட்டும்தான் மிஞ்சும்.

யஸ்தில் பிறந்த முகமது கரீம் பிர்னியா ஈரானியக் கட்டடக் கலையை ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர், 1997-இல் மறைந்தார். அந்தக் கலைக்கு அடிப்படையாக அவர் வகுத்த கொள்கைகள் ஐந்து. மனிதருக்கேற்ற அளவு, வீணானதைத் தவிர்ப்பது, கட்டுமான உறுதிக்கான கணக்கு, கையிலிருக்கும் உள்ளூர்ப் பொருளைக் கொண்டு தன்னிறைவாகக் கட்டுவது, உள்நோக்கிய அமைப்பு. ஐந்திலும் அலங்காரம் என்று ஒன்று தனியாக இல்லை. தெஹ்ரானில் சில காலமாக ரோமானியத் தூண்களும் சிற்ப வேலையும் ஒட்டிய முகப்புகளுக்கு மோகம், நமா-யெ ரூமி என்பார்கள். அதற்குப் பதிலாக இஸ்ஃபஹான் நகரத்து நீல ஓடுகளை ஒட்டினால் ஒட்டும் பொருள் மாறுமே தவிர வீடு மாறாது.

செங்கல்லும் கல்லும் இன்றைக்கு எப்படிப் பயன்படுகின்றன?

இந்தப் பகுதியில்தான் ஈரானின் புதிய கட்டடக் கலைஞர்கள் வெகுதூரம் போயிருக்கிறார்கள். தெஹ்ரானில் 2014-இல் முடிந்த நாற்பது முடிச்சு வீடு, ஹபீபே மஜ்தாபாதியும் அலிரெஸா மஷ்ஹதிமிர்ஸாவும் வடிவமைத்த ஐந்து மாடிக் குடியிருப்பு. மனை ஒடுக்கமானது, செலவும் மட்டாகத்தான் இருக்க வேண்டும். செங்கல்லும் சாதாரணமானது. அதை உள்ளும் வெளியுமாகத் தள்ளி அடுக்கி, முகப்பை ஒரு கம்பளம் போல ஆக்கினார்கள்.

எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஈரானில் கம்பளம் நெய்யும் கூடத்தில் ஒருவர் வடிவத்தை வரிவரியாக ராகம் போட்டு வாசிப்பார். நெய்பவர்கள் கேட்டுக் கேட்டு முடிச்சுப் போடுவார்கள். இந்த வீட்டின் வரைபடத்தையும் வரிவரியான எளிய குறிப்புகளாக்கி மேஸ்திரியிடம் கொடுத்தார்கள். அவர் வாசிக்க வாசிக்கக் கொத்தனார்கள் கல் வைத்தார்கள். கணினியில் வரைந்த சிக்கலான முகப்பு, தனிப் பயிற்சி ஏதும் பெறாத கைகளால் நிமிர்ந்தது. கம்பளத்தின் பூவைச் சுவரில் வரையாமல், கம்பளம் நெய்யும் முறையையே எடுத்துக்கொண்டார்கள்.

மஹல்லாத் ஊரில் கல் அறுப்பதுதான் பிழைப்பு. அறுக்கும்போது ஏராளமாகக் கல் கழிந்துபோகும். ராமின் மெஹ்திஸாதே அந்தக் கழிவுத் துண்டுகளை வாங்கி அடுக்கியே ஓர் அடுக்குமாடியின் சுவர்களைக் கட்டினார். தரைத்தளத்தில் இரண்டு கடைகள், மேலே எட்டு வீடுகள். ஜன்னல்களுக்குப் பெரிய மரக் கதவுகள், வெளிச்சத்தையும் சூட்டையும் அவரவரே கட்டுப்படுத்தலாம். இந்தக் கட்டடம் 2013-இல் ஆகா கான் விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. பிர்னியா சொன்ன தன்னிறைவு என்றால் என்ன என்று கேட்பவரை இந்தச் சுவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

மண் வீடு நிலநடுக்கத்தில் விழுந்துவிடாதா?

விழும். 2003 டிசம்பர் 26 விடியற்காலையில், ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது, பம் நகரில் 6.6 அளவில் நிலம் அதிர்ந்தது. 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வலுவூட்டாத, சுடாத மண்கல் சுவர்களும் கனத்த கூரைகளும் நொறுங்கியதே முக்கியக் காரணம். மொட்டைமாடிக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வைக்கோல்மண் பூசுவார்கள். பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசிப் பூசிக் கூரையின் பாரம் ஏறிக்கொண்டே போகும். இரும்பு உத்தரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு வைத்த கூரைகளும், சரியாகப் பிணைக்காவிட்டால், அதே ஆபத்துதான்.

ஆகவே மரபின் மீது எவ்வளவு அன்பு இருந்தாலும் எலும்புக்கூடு இன்றையதாகத்தான் இருக்க வேண்டும். ஈரானில் 2800 என்ற எண்ணுள்ள நிலநடுக்க விதித்தொகுப்பு இதைத்தான் கேட்கிறது. எஃகோ கான்கிரீட்டோ சட்டகமாக நின்று பாரத்தைத் தாங்கட்டும். செங்கல் சுவர் அதோடு கம்பியால் பிணைந்து நிற்கட்டும். வளைவு வேண்டுமென்றால் இலகுவான பொருளில் செய்து சட்டகத்தில் தொங்கவிடலாம். தலைக்கு மேலே கனத்த வளைவு வேண்டாம்.

மண்ணையே உறுதியாக்கும் வழியும் ஒன்று உண்டு. நாதெர் கலீலி என்ற ஈரானியக் கட்டடக் கலைஞர் (1936-2008) நீளமான பைகளில் மண்ணை நிரப்பி, வட்டமாக அடுக்கி, அடுக்குகளுக்கு நடுவே முள்கம்பி வைத்துக் குவிமாடம் கட்டும் சூப்பர்அடோபி முறையை உருவாக்கினார். ஹொர்முஸ் தீவில் ஸாவ் என்ற கட்டடக் கலை நிறுவனம் இந்த முறையில் உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, வண்ண வண்ணமாக ஏறக்குறைய 200 குவிமாடங்களை எழுப்பியது. அந்த மஜாரா குடியிருப்புக்கு 2025-இல் ஆகா கான் விருது கிடைத்தது.

அந்தரூனி, பிரூனி என்று வீட்டைப் பிரிப்பது இந்தக் காலத்துக்குத் தேவையா?

அந்தரூனி என்பது குடும்பத்தின் உள்வீடு, பிரூனி என்பது விருந்தினருக்கான வெளிவீடு. காஷானின் தபாதபாயி வீடு போன்ற பெரிய வீடுகளில் இரண்டுக்கும் தனித்தனி முற்றங்களே உண்டு. பெண்களை உள்ளே வைத்த ஏற்பாட்டோடு பிணைந்த பிரிவு இது. அந்தக் காரணத்துக்காக இதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வாசற்கதவைத் திறந்ததும் கூடமும் சமையலறையும் படுக்கையறைக் கதவும் ஒரே பார்வையில் தெரிகிற அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஈரானில் சமையலறையைத் திறந்த அமைப்பாக வைப்பது பரவிய பிறகு, பல குடும்பங்கள் பின்னால் மூடிய இன்னொரு சிறு சமையலிடம் கேட்கத் தொடங்கின. வாசலில் ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு ஹஷ்தி, அங்கே செருப்பு கழற்றவும் உட்காரவும் இடம், பிறகு ஒரே ஒரு திருப்பம். கூரியர்க்காரர் வந்தாலும் வீடு வீடாகவே இருக்கும்.

பழைய முற்றத்து வீட்டை வாங்கிப் புதுப்பிக்கலாமா?

காஷானில் நிறைய வீடுகள் அப்படி உயிர் பெற்றிருக்கின்றன. மனூச்செஹ்ரி வீடு விடுதியாகவும் நெசவுக் கூடமாகவும் மாறி 2016-இல் ஆகா கான் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. குடியிருக்கவே வாங்குகிறீர்கள் என்றால் முதல் எதிரி தண்ணீர்க் குழாய். பழைய வீட்டில் கழிப்பறை முற்றத்தின் ஒரு மூலையில் இருந்தது, சுவருக்குள் ஈரமே போகவில்லை. இன்று அறைக்குள் குளியலறை வைத்து, மண்சுவருக்குள் குழாயைப் புதைத்தால், ஒரு சிறு கசிவு மாதக்கணக்கில் தெரியாமல் அடிச்சுவரைக் கரைத்துவிடும். குளியலறையைச் சுவரைத் தொடாத தனிப் பெட்டியாக நிறுத்துங்கள். குழாய்களைக் கண்ணில் படும்படி விடுங்கள். வெளிச்சுவரில் சிமெண்ட் பூச வேண்டாம். மண்சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும், பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். காஹ்கெல் என்ற வைக்கோல்மண்தான் அதற்கு ஒத்துப்போகும்.

செலவு அதிகமாகுமா?

ஓரூசி செய்யும் தச்சரும், வளைவு வைக்கத் தெரிந்த கொத்தனாரும் குறைந்துவிட்டார்கள். அவர்கள் கைவேலைக்குத் தகுந்த கூலி கொடுக்கத்தான் வேண்டும். திசை பார்த்து அறை வைப்பதற்கும், இடைகழியைத் திருப்புவதற்கும், ஐவானை ஆழமாக்குவதற்கும் பெரிய செலவில்லை. வரைபடம் போடும்போது யோசித்தால் போதும்.

கட்டடக் கலைஞரிடம் பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

படங்களைக் காட்டித் தொடங்காதீர்கள். காட்டினால் அவர் படத்தில் இருப்பதையே செய்துகொடுப்பார். மனையின் வரைபடத்தில் எதையும் கட்டாமல் விடப்போகும் இடத்தை முதலில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். அது தரையிலா, நிலவறையிலா, மூன்றாவது மாடியிலா என்பதை உங்கள் ஊர் விதி தீர்மானிக்கும். அப்புறம் ஜூலை மாத மதியம் மூன்று மணிக்கு அந்த இடத்தில் நிழல் எந்தச் சுவரிலிருந்து விழும், ஜனவரியில் காலை பத்து மணிக்கு வெயில் எந்தத் தரைவரைக்கும் வரும் என்று கேளுங்கள். அவர் வரைந்து காட்டியதும், பாட்டி கட்டில் போடும் இடம் எது என்று நீங்கள் குறித்துக் கொடுங்கள்.